வியாகுல மாதா பல்கலைக்கழகம் எழும்பிய வரலாறு

நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் வியாகுல மாதா பல்கலைக்கழகம் முதன்முதலில் தரையை விட்டு எழும்பியது 2016 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நாலு விரற்கடை உயரம்தான். எல்லாச் சமயத்தாரும் படிக்கிற இடம் மடம் மாதிரித் தெரியக் கூடாது என்று கொழும்பிலிருந்து வந்த அங்கீகாரக் குழு சொல்லிவிட்டுப் போக, அன்று காலையில்தான் வகுப்பறைச் சிலுவைகளைக் கழற்றியிருந்தார்கள். அடுத்த வருஷம் இறையியல் வகுப்பை மூடினார்கள்; கட்டடம் முழங்கால் உயரத்துக்குப் போனது. பலகை போட்டு ஏறினார்கள். மனுஷர் எதற்குத்தான் பழக மாட்டார்கள்!

அந்தக் கட்டடம் கட்டும்போது கல் சுமந்தவர்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் ஆளுக்கொரு கல்லோடு மலையேற வேண்டும் என்பது கோயில் ஏற்பாடு. கொழுந்து பறிக்கும் லூசியா ஏழு மாத வயிற்றோடு சுமந்தாள். லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளுக்கு வருஷம் பத்து இடம் இலவசம் என்று பூசையிலேயே அறிவித்திருந்தார்கள். அந்த வயிற்றுப் பிள்ளை கேசினிக்கு இப்போது பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடத்துக்கும் ஏ.

அவள் விண்ணப்பித்த மாதம்தான் அந்தப் பத்து இடத்தையும் எடுத்துவிடத் தீர்மானித்தார்கள். பத்துப் பேரும் பூசைக்கு வருகிறவர்கள், பட்சபாதம் என்று பேச்சு வரும் என்ற பயம். துணைவேந்தர் பாதர் மாணிக்கராஜும் லயத்தில் பிறந்தவர்தான். அதனாலேயே அவருக்குப் பயம் கூடுதல். லூசியா வேலைக்குப் போகாமல் அவர் அறைக்குப் போய் நின்றாள்.

"நம்ம ஆளுங்களுக்கே செய்றோம்னு சொல்லிருவாங்கம்மா" என்றார் பாதர்.

"கல்லு சொமக்கையில நம்ம ஆளுங்கதானே சாமி? சிலுவையக் கழட்டுனீங்க, ஆண்டவர் பொறுத்துக்குவாரு. எம்புள்ள எடத்தையும் ஏன் கழட்டுறீங்க?"

பாதருக்குக் கண் கலங்கியது. கலங்கி என்ன பிரயோசனம், கையெழுத்தைப் போட்டுவிட்டார். அவர் பேனாவை மூடுவதற்குள் கட்டடம் லயத்துக் கூரைக்கு மேலே போயிருந்தது. லூசியாவைக் கயிறு கட்டித்தான் இறக்கினார்கள். இறங்கியவள் தேயிலைக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

பிறகு அங்கீகாரம் கிடைத்தது. மேல் ரோட்டிலிருந்து இரும்புப் பாலம் போட்டார்கள். வேனில் வருகிறவர்களுக்கு அது போதும். கேசினி கொழுந்து பறிக்கத் தோட்டத்தில் பேர் பதிந்தாள்.

மழை நாளில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு இப்போது கட்டடத்துக்கு அடியில்தான். நனையாமல் நிற்கலாம், நல்ல வசதி என்கிறார்கள். அதே நேரம் மேலே முதல் வகுப்பு தொடங்கும். மனித மாண்பு பற்றிய பாடம் தரை வழியாகச் சொல் சொல்லாகக் கேட்கும். கேசினியின் பேரைக் கங்காணி இராசையா இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது.

"அங்க என்னா பராக்கு?" என்பார்.

"வந்திருக்கா, எழுதிக்குங்க" என்பாள் லூசியா.