நாற்பதாம் மாடிக் கதவு

மார்ச் 11, செவ்வாய். இன்று செய்த சிறு தவறு: வீடியோ கேமை முடித்ததும், ஆட்டத்தை சேவ் செய்துவைக்கும் இடங்களில் இரண்டாவதில் பதிந்துவைக்க நினைத்திருந்தேன். அது என்னைக் கேட்காமலே முதல் இடத்தில் பதிந்துகொண்டது. முதல் இடம் அண்ணனுடையது.

எழுதிவிட்டு, ‘சிறு’ என்ற சொல்லை ஒரு கோடு போட்டு அடித்தாள். ‘பெரிய’ என்று எழுதிப் பார்த்தால் யாரையோ கொன்றுவிட்டு வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. அதையும் அடித்து, மறுபடி ‘சிறு’ என்றே எழுதிப் பேனாவை மூடினாள்.

வீட்டில் அவளுக்குப் பட்டியல் என்று பெயர். வைத்தவன் அண்ணன். இரண்டு நாள் வெளியூர்ப் பயணத்துக்குக்கூட எத்தனை துண்டு, எத்தனை ஊக்கு என்று எழுதி வைத்துக்கொண்டு பெட்டியை அடுக்குகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. மற்றவர்கள் ஒரு தரம் அளந்தால் அவள் இரண்டு தரம் அளப்பாள். பிறகு சந்தேகம் வந்து மூன்றாம் தரமும் அளப்பாள்.

வாரத்தில் மூன்று நாள், கடை முடிந்ததும், கட்டுரை எழுதக் கற்றுத்தரும் மாலை வகுப்புக்குப் போய்வந்தாள். அங்கே கொடுத்த வேலையில்தான் வினை வந்தது. சமீபத்தில் முடித்த மூன்று விஷயங்களைப் பற்றி மனதில் பட்டதை எழுத வேண்டும். எதுவாக இருந்தாலும் சரி, முழுதாக முடித்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்காரும் தச்சர் மூன்று கதவுகளைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னார். அவள் கூச்சத்தோடு மூன்று வீடியோ கேம் என்றாள்.

இரண்டு கைவசம் இருந்தன. ஒன்று, நத்தை தபால்காரனாக வரும் விளையாட்டு. அதைப் பற்றி நோட்டில் இப்படி எழுதியிருந்தாள்: ‘முதல் இரண்டு மணி நேரம் எரிச்சலாக இருந்தது. ஒரு கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மழை பெய்து, வெயில் அடித்து, மறுபடி மழை வந்துவிடுகிறது. அவசரப்படுவதை விட்ட பிறகுதான் ஒவ்வொரு உறையின் மேலும் கையெழுத்து வேறு என்பதைக் கவனித்தேன். கடைசிக் கடிதம் நத்தைக்கே வந்தது. கொஞ்சம் அழுதேன். ஜலதோஷமும் இருந்தது.’

இரண்டாவது, வெள்ளம் வடிந்த வீட்டை அறை அறையாகக் கழுவுவது. ‘பதினொரு மணி நேரம் சேறு கழுவினேன். அதே வாரம் பாத்திரம் கழுவச் சொன்ன அம்மாவை முறைத்தேன். இதைப் பற்றி யோசிக்க வேண்டும்.’

மூன்றாவது கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அண்ணன் முடிக்காமல் விட்ட ‘கிணற்று நகரம்’ விளையாட்டு கண்ணில் பட்டது.

கிணற்றின் அடியில் ஒரு நகரம். அங்கிருந்து நாற்பது மாடி ஏறி மேலே வர வேண்டும். ஏற ஏறத் தண்ணீர் துரத்தும், படிகள் உடையும், பழுதான லிஃப்டுகள் பாதியில் நிற்கும். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டைத் தப்பாக வரைந்திருக்கிறார்கள் என்று திரையைத் திட்டிக்கொண்டே முப்பத்தொன்பது மாடி ஏறினான். விளையாட்டில் நாற்பதாம் மாடிக் கதவு வரை வந்திருந்த சமயத்தில், வேலையிடத்தில் லிஃப்டின் கயிற்றுச் சக்கரத்தில் வலது கை சிக்கியது. ஆறிய பிறகும் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் உணர்ச்சி சரியாகத் திரும்பவில்லை. இப்போது ஆபீஸில் உட்கார்ந்து புகார் போன் எடுக்கிறான். வீட்டுக்கு வந்தால் கன்ட்ரோலரைத் தொடுவதில்லை. கைக்குப் பயிற்சி கொடுக்கிறவர் தந்த ரப்பர் பந்து சோபாவுக்கு அடியில் தூசி மூடிக் கிடந்தது. எட்டு மாதமாகத் திரைக்குள் அந்தக் கதவுக்கு முன்னால், அவன் ஏற்றிக் கொண்டுவந்த குட்டி மனிதன் நின்றுகொண்டிருந்தான்.

அவனை அவள் செவ்வாய்க்கிழமை, கடை விடுமுறையன்று, இரண்டு மணி நேரத்தில் உள்ளே கூட்டிப்போய்விட்டாள். முடிவைப் பார்த்துக் கைதட்டக்கூடச் செய்தாள். உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓடி முடிந்து முதல் பக்கம் வந்தபோது, முதல் இடத்தில் ‘முடிந்தது’ என்று பச்சை எழுத்தில் இருந்தது. அவள் நோட்டை எடுத்தாள்.

அன்றைக்குச் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணன் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தான். “ஒருத்தர் போன் பண்றார். லிஃப்ட் நின்னுபோச்சுங்கறார். எந்த மாடி சார்னா, அதைத் தெரிஞ்சுக்கத்தான் போன் பண்றேன்ங்கறார்.” அம்மாவுக்குப் புரையேறியது. இந்தச் சிரிப்பைக் கெடுப்பானேன் என்று அவள் குழம்பை ஊற்றிக்கொண்டாள்.

புதன்கிழமை வகுப்பில் வரைவைக் காட்ட வேண்டியிருந்தது. ஆசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். நத்தைக்கு வாய்விட்டுச் சிரித்தார். மூன்றாம் பக்கத்தில் பென்சில் நின்றது.

“முதல் ரெண்டுலயும் நீங்க பட்ட பாடு தெரியுது. இதுல உச்சியில போய் நின்னது மட்டும் இருக்கு. ஏறினது எங்கேம்மா?”

“ஏறினது நான் இல்ல மேடம்.”

வாய் தவறி வந்துவிட்டது. தச்சர் திரும்பிப் பார்த்தார். “அப்ப ஏறினவரைக் கேட்டு எழுதிட்டு வாங்க,” என்று ஆசிரியை அடுத்த நோட்டை எடுத்தார்.

வகுப்பு முடியும் நேரத்துக்கு அண்ணன் ஆபீஸிலிருந்து நடந்து வாசலுக்கு வந்துவிடுவான். அவள் ஸ்கூட்டரை ஓட்ட, அவன் பின்னால் உட்காருவான். முகத்தைப் பார்க்காமல் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது என்று அவள் கணக்குப் போட்டாள். மூன்றாவது சிக்னல் தாண்டியதும் சொல்வதாக முடிவு. நான்காவதும் தாண்டியது.

“அண்ணா, ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

“பட்டியல்ல எத்தனாவது?”

“விளையாடாத. கிணத்து நகரத்தை உன் சேவ்ல இருந்து ஆடினேன். என் இடத்துல பதியலாம்னு நெனச்சேன். அது உன் மேலயே பதிஞ்சுடுச்சு. முடிஞ்சதுன்னு காட்டுது. நீ நின்ன இடம் போயிடுச்சு.”

பக்கக் கண்ணாடியில் அவன் ஹெல்மெட் மட்டும் தெரிந்தது.

“அண்ணா?”

“வண்டிய நிறுத்து.”

மூடியிருந்த ஒரு பாத்திரக்கடை முன்னால் நிறுத்தினாள். அவன் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கடைப்படியில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தான். கோபம் வந்தால் கத்துகிறவன். கத்தட்டும் என்று அவள் வண்டியை ஸ்டாண்டில் போட்டாள்.

“கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா வேண்டாம்னுடுவியோன்னு பயம்.”

“வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்.” இடது கையால் வலது கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டான். “நீயும் அம்மாவும் இல்லாதப்ப மூணு தரம் முயற்சி பண்ணினேன். தெரியுமா?”

அவளுக்குத் தெரியாது.

“தாவுற பட்டனும் கயித்தைப் பிடிக்கிற பட்டனும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. எதைத் தொடறேன்னு இந்த விரலுக்குத் தெரியல. தாவணும்னு அழுத்தினா கயித்தைத் தேடறான். நேரா கீழே போறான். கடைசி மாடிதானே, விரல் சரியானதும் பாத்துக்கலாம்னு மூடி வெச்சேன். யாராவது கேட்டா, இன்னும் ஒண்ணுதான் பாக்கின்னு சொல்லிக்கலாம்.” கொஞ்சம் சிரித்தான். “அந்தச் சாக்கையும் நீ தின்னுட்ட.”

“மன்னிச்சுக்கோ.”

“மேலே என்ன இருக்கு?”

“சொல்ல மாட்டேன்.”

“முப்பத்தொம்பது மாடி ஏறினவன் நான்டி. இது என்ன அநியாயம்?”

“நீயே போய்ப் பாரு. முதல்ல இருந்து ஆடணும், அவ்வளவுதான்.” சொன்ன பிறகுதான், இதை இவ்வளவு துணிச்சலாகச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அவன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

வியாழக்கிழமை அவள் கடையிலிருந்து திரும்பியபோது கூடத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திரையில் கிணற்றின் அடி. முதல் மாடி. அண்ணன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். குட்டி மனிதன் ஒரு சின்னத் திண்டிலிருந்து தாவப் போய், தாவாமல் தண்ணீரில் விழுந்தான்.

“அப்ப இருந்து விழுந்துட்டே இருக்கான்,” என்றாள் அம்மா, வெங்காயம் உரித்துக்கொண்டே. “அவனுக்குத் தலை துவட்டிவிடக்கூட ஆளில்ல.”

“அம்மா, பேசாம இரேன்.”

“பதினேழு,” என்றாள் அவள், திரை மூலையில் இருந்த விழுந்த கணக்கைப் பார்த்து.

“சொல்லிக்காட்டாதடி.”

அவன் திரையைப் பார்க்க, அவள் அவன் விரலைப் பார்த்தாள். பகலெல்லாம் லென்ஸின் விளிம்பைப் பார்க்கிற கண். கட்டைவிரல் சரியான பக்கம்தான் போகிறது. போய்ச் சேர்ந்த இடம் எது என்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை. நான்கு பட்டனும் ஒரே வழவழப்பு. நான்கும் ஒரே உயரம்.

கைப்பையைத் துழாவினாள். கண்ணாடி மூக்கில் வழுக்காமல் இருக்க ஒட்டுகிற மெத்தென்ற நோஸ் பேட் ஒன்று, வாடிக்கையாளர் ஃபிரேமிலிருந்து கழற்றியது, அடியில் கிடந்தது. பழசு, ஓரம் மஞ்சளித்தது. கன்ட்ரோலரை அவன் கையிலிருந்து வாங்கித் தாவுகிற பட்டன்மேல் வைத்து அழுத்தினாள்.

“என்னது இது, மூக்கா?”

“ஆடிப் பாரு.”

விரல் பட்டன்களின் மேல் ஊர்ந்தது. மேட்டில் இடித்து நின்றது. “தட்டுது,” என்றான் மெதுவாக. “மங்கலா. ஆனா தட்டுது.” மனிதன் தாவினான். எதிர்த்திண்டில் இரண்டு கால்களும் பதிந்தன. அடுத்த தாவலில் பசை பிடிக்காமல் நோஸ் பேட் கழன்று அம்மாவின் வெங்காயத்தட்டில் விழுந்தது. மனிதன் தண்ணீரில் விழுந்தான்.

“பதினெட்டு,” என்றான் அண்ணனே. “புதுசு இருக்கா கடையில?”

“மெத்துன்னு ஒண்ணு, கெட்டியா ஒண்ணு, ரெண்டு வகை இருக்கு.”

“ரெண்டும் கொண்டா. எது சரியா வரும்னு பாப்போம்.” சோபாவுக்கு அடியில் கையை விட்டு அந்த ரப்பர் பந்தை இழுத்து, தூசியைச் சட்டையில் துடைத்தான்.

மார்ச் 13, வியாழன். அண்ணன் முதல் மாடியில் இருக்கிறான். விழுந்தது பதினெட்டு, தாவியது ஒன்று. மூன்றாம் விளையாட்டை நான் முடிக்கவில்லை. ஒரு மாடிதான் ஏறினேன். கட்டுரையில் அதைப் பற்றிய மூன்றாம் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கிழித்தது சரியா என்று தெரியவில்லை.

நாளை: கடையில் முதலாளியிடம் கேட்டு நோஸ் பேட் இரண்டு வகையிலும் ஒவ்வொரு ஜோடி வாங்க வேண்டும். ஒட்டும் முன் பட்டனை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். வகுப்பில் இரண்டு விளையாட்டுகளை மட்டும் கொடுத்து, மூன்றாவது இன்னும் முடியவில்லை என்று ஆசிரியையிடம் சொல்ல வேண்டும்.