திருப்பக் கூடாத முட்டைகள்

தெர்மாகோல் பெட்டியின் மூடியைத் தூக்கிய ஹெத்விகாவின் கை பாதியில் நின்றது. முட்டைகள் இரண்டும் இருந்தன. அவற்றின் மேல் இருந்த குறிகளைக் காணவில்லை.

மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி குனிந்தாள். சமையலறையை ஒட்டிய அந்தச் சாமான் அறைக்கு ஜன்னல் கிடையாது. உருளைக்கிழங்குப் பெட்டிக்கும் ஊறுகாய் ஜாடிகளுக்கும் மேலே, இரண்டாவது தட்டில்தான் முப்பத்தெட்டு வருஷமாக அடைப்பெட்டி இருக்கிறது. தெர்மோமீட்டர் இருபத்தேழு காட்டியது. செடிக்கடையில் வாங்கி நனைத்துப் பரப்பிய மினுக்குத் துகள்களில் பாதி புதைந்தபடி, பெருவிரலின் மேல்கணு அளவில் இரண்டு வெள்ளை முட்டைகள். ஐம்பத்தாறு நாளுக்கு முன், அவை இடப்பட்ட அன்றே, கணவர் லூமீர் ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு சிறு சிலுவைக் குறி போட்டிருந்தார். அதுதான் இல்லை.

"யார்மிலா."

நாத்தனார் அடுப்படியில் பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் குடிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் காலையிலிருந்து இரண்டாவது சூப்.

"இந்தப் பெட்டியத் தொட்டியா?"

"தொடாம? நாலு நாளா நீங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில கெடந்தீங்க. வீட்டப் பாத்துக்கத்தான என்னை வரச் சொன்னீங்க, அண்ணி. கண்ணாடித் தொட்டியில இருக்கிற அந்தக் கெழவிப் பல்லிகிட்ட மட்டும் போகல, சத்தியமா. தள்ளி நின்னு ஸ்பூன்ல புழுவக் கொட்டிட்டு ஓடி வந்துட்டேன். முட்டைன்னா எனக்குத் தெரியும்ல."

"என்ன பண்ணின?"

"முட்டைய என்ன பண்ணுவாங்க? திருப்பினேன். காலையில, மத்தியானம், சாயங்காலம். ஒரு வேளகூடத் தவறல. மேல ஏதோ பென்சில் கிறுக்கலா இருந்துச்சு, ஈரத்துணியால தொடச்சு விட்டேன்."

யார்மிலா கிழக்கு மலைப்பக்கத்துக்காரி. வீட்டில் நாற்பது கோழி. திருப்பாத முட்டையில் குஞ்சு ஓட்டோடு ஒட்டிச் செத்துவிடும் என்பது ஏழு வயதிலிருந்து அவளுக்குத் தெரிந்த பாடம்.

ஹெத்விகா மூடியை மெதுவாக வைத்தாள். "இது கோழி இல்ல யார்மிலா. பல்லி முட்டையத் திருப்பவே கூடாது. முதல் நாளே கரு மேல்பக்கத்து ஓட்டுல ஒட்டிக்கும். பெறக்குற வரைக்கும் அப்படியேதான் இருக்கணும். பெரட்டினா உள்ள இருக்கிற தண்ணியிலயே முழுகிடும். அதுக்குத்தான் அந்தக் குறி."

யார்மிலாவின் கையிலிருந்த பூண்டுப் பல் மேஜையில் விழுந்தது. "எது மேல் பக்கம்னு…"

"தெரியாது. இப்ப யாருக்கும் தெரியாது."

இந்தப் பாடத்தை ஹெத்விகா படித்ததில்லை. குஞ்சு வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் லூமீர் கூடத்தில் உட்காரவைத்துச் சொல்வதை, கீழே போகும் டிராமின் சத்தத்தைக் கேட்பதுபோல, சமையலறையிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகியது. பல்லிகள் அவர் விஷயம். ரயில் நிலையத்தில் சீட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினால், தவிட்டு டப்பாவில் நெளிகிற தீனிப் புழுக்களையும், கிறிஸ்துமஸ் ராத்திரியில் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து பாடுகிற வெட்டுக்கிளிகளையும் பொறுத்துக்கொள்வது அவள் விஷயம். அப்படித்தான் கல்யாணம் ஓடியது.

நுரையீரல் கைவிட்டபோது முப்பது தொட்டிகளையும் பல்லி வளர்ப்போர் சங்கத்துக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார். பதினைந்து வயதான ஷார்காவை மட்டும் வைத்துக்கொண்டார். நாலு வருஷமாக முட்டையிடாத கிழவி. இலையுதிர்காலத்தில் நண்பர் ஹினெக் விளையாட்டாகத் தன் ஆண் பல்லியைக் கொண்டுவந்து, "பாட்டிக்கு மாப்பிள்ளை பாத்துட்டேன்" என்று தொட்டியில் விட்டுவிட்டுப் போனார். ஜனவரியில் இரண்டு முட்டை. "இதப் பாத்துட்டுப் போறேன், ஹெதா" என்று அன்றைக்கு லூமீர் சொன்னார். போவது எங்கே என்று அவள் கேட்கவில்லை.

நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இன்று காலை வந்த நர்ஸ், தாழ்வாரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டே, "இன்னைக்கு, இல்லன்னா நாளைக்கு. பக்கத்துலயே இருங்க" என்றாள்.

"ஹெதா!" உள்ளேயிருந்து குரல். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு பேசியதால் பாதி காற்றாக இருந்தது. "வேர்த்துருக்கா?"

பொரிவதற்கு முந்தின நாள் முட்டை வேர்க்கும். ஓட்டின் மேல் பனி மாதிரி துளி பூக்கும்.

"இன்னும் இல்ல."

"பெட்டியக் கொண்டா. பாக்கணும்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார்மிலாவின் கண் நிறைந்துவிட்டது. "சொல்லிடாதீங்க, அண்ணி. இன்னைக்கு ஒரு நாள்."

ஹெத்விகா இழுப்பறையில் துழாவி ஒரு பென்சில் எடுத்தாள். நுனியை நாக்கில் தொட்டாள். அப்போது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதன் உச்சியில், முதலில் ஒன்றில், பிறகு மற்றதில், குறி போட்டாள். வாழ்நாளில் முதல்முறையாகப் பல்லி முட்டையைத் தொடுகிறாள். தோல் பை மாதிரி இருந்தது. ஓடு என்று அவள் நினைத்திருந்தது ஓடே அல்ல.

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, அதன் மேல் பெட்டியை வைத்து மூடியைத் திறந்தாள். லூமீர் தலையணையிலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். டிராம் பணிமனையில் மின்கம்பிகளைச் சரிபார்த்த கண்கள்.

"இது நான் போட்டதில்ல."

"என்ன?"

"ஜனவரியில எனக்குக் கை நடுங்கிச்சு. என் குறி ரெண்டும் கோணல். இது சீட்டுல முத்திரை குத்தின மாதிரி இருக்கு." அவர் சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "யாரு திருப்பினது?"

கதவுக்குப் பின்னாலிருந்து யார்மிலா, "நான்தாண்ணே" என்றாள். "நாலு நாள். மூணு வேளை."

"பன்னெண்டு தடவையா!"

"கோழிக்கு அப்படித்தான்…"

"தெரியும். அம்மாவும் அப்படித்தான் திருப்புவா." லூமீர் கண்ணை மூடினார். ஆக்சிஜன் மெஷின் ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இதோடு முடிந்தது என்று ஹெத்விகா நினைத்தாள். ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் கடைசி நாளைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

"திரையை இழுத்து விடு" என்றார் அவர். "என் சின்ன டார்ச்ச எடு. முட்டையத் தூக்காத. பக்கவாட்டுல ஒட்டினாப்பல பிடி."

அறை மங்கியது. முதல் முட்டையின் பக்கத்தில் டார்ச்சை வைத்தாள். பழைய சோப்புக் கட்டியைப் போல மஞ்சளாக இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. இரண்டாவதற்குப் போனாள்.

முட்டை விளக்காகிவிட்டது.

மூடிய கண்ணிமையை வெயிலுக்குக் காட்டினால் தெரியுமே, அந்தச் சிவப்பு. அதற்குள் நூலை விட மெல்லிய நரம்புகள், கிளையாகப் பிரிந்து, கிளையிலிருந்து கிளையாக, ஓட்டின் உட்புறம் முழுக்க. நடுவில் இருட்டாக ஒரு சுருள். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். சுருள் சுருளாகவே இருந்தது. பிறகு, தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆளைப் போல, அது தன் வாலை மெல்ல இழுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டது.

ஹெத்விகாவின் வாயிலிருந்து வந்தது சொல் அல்ல. யார்மிலா ஓடிவந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை இட்டுக்கொண்டாள்.

"கைகூடத் தெரியுது, அண்ணி. பாருங்க, விரலு!"

முப்பத்தெட்டு வருஷம். எத்தனை நூறு முட்டைகள். உருளைக்கிழங்கு எடுக்க, வெங்காயம் எடுக்க, ஒரு நாளைக்குப் பத்து முறை அந்த அறைக்குள் போய்வந்திருக்கிறாள். அவள் தலைக்கு மேல் தட்டில், அந்த இருட்டில், இது ஓயாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு நாள்கூட அவர் கூப்பிட்டுக் காட்டியதில்லை. ஒரு நாள்கூட அவள் கேட்டதுமில்லை.

லூமீர் சிரித்தேவிட்டார். மூக்கிலிருந்த குழாய் குலுங்கியது. "பன்னெண்டு தடவ! முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியிருக்கேனே! ஹினெக்குக்கு ஃபோன் போடு, ஹெதா. சீக்கிரம்."

ஒலிபெருக்கியில் ஹினெக்கின் குரல் வந்தது. "டேய், இன்னும் இருக்கியா நீ?"

"இருக்கேன். ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு. ஷார்கா முட்டையப் பன்னெண்டு தடவ பெரட்டியாச்சு. உயிரோட இருக்கு."

"ஆஸ்பத்திரியில என்னடா மருந்து குடுத்தாங்க உனக்கு?"

"என் தங்கச்சியக் கேளு. அவதான் பெரட்டினா."

"ஆமாங்க" என்றாள் யார்மிலா ஃபோனுக்குக் குனிந்து, மரியாதையாக.

"நடக்காதுடா, லூமீர். கடைசி நாளுங்கள்ல பெரட்டினா தப்பிக்கும்னு யாரோ சொல்லக் கேட்டிருக்கேன், நான் பாத்ததில்ல. இதப் போய்ச் சங்கத்துல சொன்னா என்னைய வெளிய தள்ளிக் கதவச் சாத்துவானுங்க."

"நீ சொல்லு. எனக்குத்தான் அங்க வர முடியாது."

மறுமுனையில் ஹினெக் தொண்டையைச் செருமினார். இரண்டு முறை செருமினார். "பொண்ணா ஆணா, என்ன சூட்டுல வச்ச?"

"இருபத்தேழு. அந்தச் சூட்டுல பொண்ணுதான்."

"சரி" என்றார் ஹினெக். "சரிடா." ஹெத்விகா ஃபோனை அணைத்தாள்.

"அந்த இன்னொண்ணு…" யார்மிலா மஞ்சள் முட்டையைக் காட்டினாள். "அது என்னாலயாண்ணே?"

லூமீர் களைத்திருந்தார். "தெரியல, யார்மிலா. முன்னாடியே போயிருக்கலாம். எனக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் இத்தனை நாளா." கண் மூடியபடியே, "நல்லா இருக்குல்ல, ஹெதா? தெரியாம இருக்கிறது" என்றார்.

அதன் பிறகு அவர் பேசவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஹெத்விகா பெட்டியைத் திறந்து பார்த்தபோது, உயிருள்ள முட்டையின் தோலில் ஊசிமுனை ஊசிமுனையாக ஈரம் பூத்திருந்தது. ஒரு பக்கம் லேசாக உள்வாங்கியிருந்தது. மூடியை வைத்துவிட்டு அறைக்குப் போனாள். அவர் மூச்சு இப்போது நின்று நின்று வந்தது. ஒன்று வரும், பிறகு டிராம் ஒன்று நிறுத்தத்துக்கு வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்புகிற நேரம், பிறகு இன்னொன்று. காதருகே குனிந்தாள்.

"வேர்த்துடுச்சு, லூமீர்."

கேட்டதா என்று தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவர் கையைத் தன் இரு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன்பொருநாளும் இப்படிப் பார்த்ததில்லை என்று தோன்றியது. மணிக்கட்டில் தோல் மெலிந்து நரம்பு தெரிந்தது. கிளையாகப் பிரிந்து, கிளையிலிருந்து கிளையாக. அதில் ஏதோ ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலே கால் மணிக்கு அவளும் யார்மிலாவும் அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தார்கள். வரவில்லை. இன்னும் காத்திருந்தார்கள்.

யார்மிலாதான் முதலில் எழுந்தாள். ஆக்சிஜன் மெஷினை அணைத்தாள். அதன் சத்தம் நின்றபோது வீடு சட்டென்று பெரிதானது. உயிர் வெளியேற வேண்டும் என்று ஜன்னலை விரியத் திறந்தாள். மார்ச் மாதக் குளிர் உள்ளே பாய்ந்தது. அடுத்த கணமே ஏதோ நினைத்தவளாக ஓடினாள். குளியலறைத் துண்டை எடுத்துச் சுருட்டி, சாமான் அறைக் கதவின் அடியில், இடைவெளியே இல்லாமல் திணித்து அடைத்தாள். முழங்காலில் உட்கார்ந்தபடி, உள்ளங்கையைத் தரையில் வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள்.

டாக்டர் ஆறு மணிக்கு வந்து பேப்பரில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பின் சாம்பல் நிற உடுப்பில் இருவர் வந்தார்கள். லிஃப்டில் கிடத்திக் கொண்டுபோக இடமில்லாததால் ஐந்து மாடியையும் படி வழியாக இறக்கினார்கள். அவர்களில் இளையவர் ஒவ்வொரு திருப்பத்திலும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே போனது கீழ்வாசல் வரை கேட்டது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எரியூட்டு நிலையத்தின் அலுவலகத்துக்குப் போக வேண்டும். கறுப்புக் கோட்டு போட்டு, பொத்தான்களைப் போட்டு முடித்தபின் ஹெத்விகா சாமான் அறைக்குப் போனாள். துண்டைக் காலால் ஒதுக்கினாள். மூடியைத் தூக்கினாள். பிறகு, பார்வையை எடுக்காமலே, பின்னால் கையால் துழாவி உருளைக்கிழங்குப் பெட்டியைக் கண்டுபிடித்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

கீழே டாக்ஸி ஒலியெழுப்பியது.

"அண்ணி, வண்டி வந்தாச்சு. நேரமாகுது."

யார்மிலா வந்து கதவில் நின்றாள். ஹெத்விகா திரும்பாமல் ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள்.

முட்டையின் தோல் கத்தியால் கீறியதுபோலக் கிழிந்திருந்தது. கிழிசலிலிருந்து ஒரு தலை வெளியே வந்து, நனைந்த துகள்களின் மேல் தாடையை வைத்துக்கொண்டு கிடந்தது. சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை. உடம்பு இன்னும் உள்ளேயே இருந்தது. பாதி வழி வந்துவிட்டு, களைத்துப்போய், அது ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. கழுத்தடியில் தோல் எழுந்து எழுந்து அடங்கியது.

யார்மிலா கோட்டைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் சொடக்கிட்டன. டாக்ஸி மறுபடி ஒலித்தது. இருவரும் அசையவில்லை.

அதற்கு இமை இருந்தது. மேலும் கீழும் ஒட்டியிருந்த அந்த இமைகள் மெதுவாக, ரொம்ப மெதுவாகப் பிரிந்தன. ஈரமான ஒரு கண் பல்பு வெளிச்சத்தையும், அதற்கடியில் குனிந்திருந்த இரண்டு பெரிய முகங்களையும் பார்த்தது. மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது.