மீசை வைத்த பிரதி

நூலகத்தில் பட்டியல் தயாரிக்கும் அந்த மனிதருக்கு உலகமே நான்கு அடுக்குதான். கதை என்பது படைப்பு. அதன் மொழிபெயர்ப்பு வெளிப்பாடு. அச்சில் வந்தால் பதிப்பு. கையில் பிடித்திருப்பது பிரதி. வேலையிடத்தில் இப்படிப் பிரித்தால் சம்பளம் கொடுப்பார்கள். வீட்டிலும் பிரித்ததுதான் வினை.

வீட்டு அலமாரியில் ஒரே துப்பறியும் நாவலுக்கு இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்று அவருடையது, மற்றது மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. ஒரே பதிப்பு, எதற்கு இரண்டு? அட்டை அசிங்கமாக இருந்ததை நூலகத்துக்கு அன்பளிப்பாகத் தள்ளிவிட்டு, ஏதோ புண்ணியம் செய்த முகக்களையோடு வீட்டுக்கு வந்தார்.

"அட்டைல இருந்த பொம்பளைக்கு மீசை இருந்ததே, அதையா குடுத்தீங்க?" என்றாள் மனைவி.

"ஆமா. யாரோ கிறுக்கி வச்சிருந்தாங்க."

"யாரோ இல்ல, எங்கப்பா. நான் காய்ச்சல்ல கிடந்தப்ப சிரிக்க வைக்க வரைஞ்சாரு. இப்ப அவரும் இல்ல, மீசையும் இல்ல."

மனிதர் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "படைப்பு அதேதான், பதிப்பும் அதேதான். பிரதி மட்டும்தானே வேற?" என்றார்.

மனைவி சண்டைக்கு வரவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் மாலை இருவரும் சினிமாவுக்குப் போவதாக ஏற்பாடு. அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வெளியே வந்தால், வாசலில் அவருடைய தம்பி தலைசீவி நிற்கிறான். கூடவே பிறந்த இரட்டை. அதே மூக்கு, அதே தொப்பை.

"இவன் எதுக்கு?"

"உங்க டிக்கெட்ல தம்பி வராரு. அதே அம்மா, அதே பதிப்பு. பிரதி மட்டும்தானே வேற?"

"நானும் இவனும் ஒண்ணா?" என்று அலறினார். தம்பி அண்ணனைப் பார்க்காமல், இடைவேளையில் பாப்கார்ன் உண்டா என்று அண்ணியிடம் விசாரித்தான்.

அவர் தன்னுடைய நாவலை அள்ளிக்கொண்டு நூலகத்துக்கு ஓடினார்.

"ரெண்டும் ஒரே பதிப்பு, ஒண்ணு போதும்னு நீங்கதானே சார் குடுத்தீங்க?" என்று கேட்டார் தலைமை நூலகர்.

"இல்லீங்க மேடம், ஒண்ணுல மீசை இருக்கு!" அழாத குறையாகக் கெஞ்சி மாற்றி வாங்கினார்.

தியேட்டர் வாசலில் மனைவி நின்றிருந்தாள். தம்பி பாப்கார்ன் வரிசையில். புத்தகத்தை வாங்கி மீசையைத் தடவினாள், கண் கலங்கியது. பிறகு கணவரின் முகவாயைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பினாள். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் வந்த, தம்பிக்கு இல்லாத தழும்பு அங்கேயே இருந்தது.

"என்ன பாக்குற?"

"உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, என்னோட பிரதிதானான்னு பாக்க வேண்டாமா?" என்று கையைக் கோத்துக்கொண்டாள்.