விரிப்பின் மறுமுனை

கட்டிலை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டிருக்கும்போது அதன் ஒரு சக்கரம் மக்கர் பண்ணியது. மாப்பிள்ளை அப்படியே தரையில் குனிந்து உட்கார்ந்து, உள்ளே நூல் சுற்றியிருக்கிறதா, பேரிங் போய்விட்டதா என்று சுழற்றிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். கட்டிலில் அத்தை படுத்திருப்பதும், இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும் அந்தக் கணம் அவனுக்கு மறந்தே போயிற்று.

"சக்கரத்தை நான் போனப்புறம் பாத்துக்கலாம் மாப்பிள்ளை. இப்ப என்னைத் தள்ளுங்க" என்றாள் அத்தை. அவள் குரல்தான் இறங்கியிருந்தது, கிண்டல் இறங்கவில்லை.

பின்கட்டில் துணி காய்வதைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டின் முன்னறைதான் சலவைக் கடை. அங்கே அவள் மகள், அதாவது அவன் மனைவி, விடுதிக்காரர்களின் தலையணை உறைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா சாகக் கிடக்கும்போது இஸ்திரி எதற்கு என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கை சும்மா இருந்தால் அவளுக்கு என்ன ஆகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மாப்பிள்ளை வாஷிங் மெஷின் மெக்கானிக். இந்தக் கடைக்கு மெஷின் பழுது பார்க்க வந்து, அதன் பிறகு பழுதே இல்லாத மெஷினைப் பார்க்க நாலைந்து தடவை வந்து, கடைசியில் வீட்டோடு மாப்பிள்ளையாகிவிட்டான். மெஷினோடு சேர்த்து என் பெண்ணையும் கழட்டிக்கொண்டு போகப் பார்த்தார், நான்தான் ஆளையே இங்கே பிடித்து வைத்துக்கொண்டேன் என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். ஸ்பேனர் மாப்பிள்ளை என்று பெயரும் வைத்திருந்தாள். எந்தப் பொருளும் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. பொம்மையோ பூட்டோ, கழற்றி உள்ளே பார்த்தால்தான் நிம்மதி.

அவனால் கழற்றிப் பார்க்க முடியாத ஒன்று அந்த வீட்டில் இருந்தது. விடுதியிலிருந்து வரும் கட்டில் விரிப்புகள் பெரியவை. அவற்றைச் சுருக்கம் விழாமல் மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து இழுத்து, உதறி, நடந்து வந்து கைகளைச் சேர்க்க வேண்டும். அத்தையும் அவள் கணவரும் அப்படித்தான் மடித்திருக்கிறார்கள். பெயின்டரான அவர், மகள் சிறு பிள்ளையாக இருக்கும்போதே சாரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அதன் பிறகு அத்தை சுவரில் இரண்டு ஆணி அடித்தாள். விரிப்பின் இரண்டு முனையை ஆணியில் மாட்டிவிட்டு, மற்ற இரண்டையும் பிடித்தபடி பின்னால் நடந்து போவாள். இழுப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லுவாள்.

"பிடிச்சுக்கோங்க. விட்டுடாதீங்க."

கல்யாணமான புதிதில் இதைக் கேட்ட மாப்பிள்ளை, தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துத் தலைதெறிக்க ஓடி விரிப்பைப் பிடித்தான். உங்களைச் சொல்லவில்லை என்று அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். வந்தது வந்துவிட்டீர்கள், பிடியுங்கள் என்று வேலையும் வாங்கிக்கொண்டாள். அம்மா ஆண்டவரோடு பேசுகிறாள் என்று இரவு மனைவி சொன்னாள். மறுநாள் அவன் யாரும் பார்க்காத நேரத்தில் போய் அந்த ஆணிகளைத் தடவிப் பார்த்தான். சாதாரண ஆணிகள்தான், கொஞ்சம் துரு ஏறியிருந்தது.

ஒரு தடவை கடை தீப்பிடித்து எரிந்திருக்கிறது. எரிந்ததெல்லாம் ஊரார் துணி. அத்தை ஒளியவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய் நின்று, உங்கள் துணி எரிந்துவிட்டது என்று சொல்லி, ஏச்சு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். எப்படிப் போனீர்கள் என்று அவன் கேட்டபோது, தனியாகப் போகவில்லையே, ஆண்டவர் கூட வந்தாரே என்றாள். சந்தைக்குத் துணைக்கு வந்த சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

போன வருடம் வரை இதெல்லாம் அவனுக்கு வேடிக்கை. போன வருடம் பாப்பா போய்விட்டது. இரண்டு வயதுகூட நிறையவில்லை, காய்ச்சல். அதிலிருந்து மனைவி ஆலயத்துக்குப் போவதை நிறுத்தினாள். பாப்பா என்ற சொல்லையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை. ஒரே அறையில் அவனும் அவளும், பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார நேர்ந்த இரண்டு பேர் மாதிரி படுத்துக்கொண்டார்கள். இதை எங்கே திறந்து எதை மாற்றுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த நாட்களில்தான் ஒரு மதியம், ஈர விரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு அத்தை வாய்விட்டு அழுவதைப் பார்த்தான். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, அவள் விரிப்பை ஆணியில் மாட்டி, அதே இரண்டு வார்த்தையைச் சொன்னாள். அன்றிலிருந்து அவனுக்கு இது வேடிக்கையாக இல்லை. அவளிடம் இருக்கும் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது. கேட்கக் கூச்சப்பட்டே ஒரு வருடம் ஓடிவிட்டது, இப்போது கேட்பதற்கு ஆள் போய்க்கொண்டிருந்தாள்.

கட்டிலை ஒருவழியாக ஜன்னலுக்குக் கொண்டுவந்துவிட்டு, அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அத்தை, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க. இன்னைக்கு விட்டா யாரைப் போய்க் கேப்பீங்க?"

"விரிப்பை அந்தப் பக்கம் நிஜமாவே யாராவது பிடிச்சாங்களா?"

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே கொடியில் விரிப்புகள் மெல்ல ஆடின. கேட்டிருக்கக் கூடாதோ என்று அவனுக்கு உறுத்தியது.

"சில நாள் நல்லாத் தெரியும், கையில இழுவை தெரியும். பல நாள் வெறும் ஆணிதான்."

"அப்போ என்ன பண்ணுவீங்க?"

"அன்னைக்கும் சொல்லுவேன். துணி மடியணும்ல."

"போன வருஷம்?" என்று கேட்டான்.

அவள் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். "ரொம்ப நாள் ஆணிதான் மாப்பிள்ளை. கண்டபடி திட்டினேன். திட்டறதுக்கு எதிர்ல ஒருத்தர் வேணும்ல? திட்டத் திட்டத்தான் தெரிஞ்சுது, எங்கேயும் போகாம நின்னு கேட்டுட்டிருக்காருன்னு."

புதிதாகக் கையில் கிடைத்த ஓர் உதிரிப் பாகத்தைப் போல மாப்பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கே பொருந்தும் என்று பிடிபடவில்லை.

மதியத்துக்கு மேல் அத்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மனைவி ஓடிவந்து நெஞ்சைத் தடவினாள், போதகருக்குப் போன் போட்டாள். அவர் வேறொரு அடக்கத்தில் இருந்தார், முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். அதுவரை தாங்காது என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது. ஜெபம் பண்ணு என்று அத்தை மகளிடம் கேட்டுக்கொண்டாள்.

"எனக்கு வராதும்மா" என்று சொல்லிவிட்டு மனைவி எழுந்து போனாள். முன்னறையில் இஸ்திரிப் பெட்டி மேசையில் உரசும் சத்தம் மறுபடி கேட்டது.

அத்தை அவனைப் பார்த்தாள். குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பவன் அவன். தனக்குத் தெரியாது என்றான்.

"மெஷின் கெட்டா வீட்டுக்காரங்க உங்ககிட்ட என்ன சொல்லுவாங்க?"

"என்ன கோளாறுன்னு சொல்லுவாங்க."

"அதைச் சொல்லுங்க" என்றாள். அவள் பேசியது அவ்வளவுதான்.

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு கண்களையும் மூடினான். முதலில் தொண்டையைச் செருமினான். யாரோ எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாக நினைக்கப் பார்த்தான், முடியவில்லை. சரி, போனில் பேசுவதாக இருக்கட்டும் என்று ஆரம்பித்தான்.

"அத்தைக்கு மூச்சு விட முடியலை. நீங்க பக்கத்துல இருக்கறதா அவங்க சொல்றாங்க, எனக்குத் தெரியலை. என் வீட்டுக்காரி ராத்திரி தூங்கறதில்லை. நான் தூங்கற மாதிரி படுத்திருக்கேன். அது அவளுக்கும் தெரியும்." கொஞ்சம் நிறுத்தினான். எல்லாக் கோளாறையும் சொல்லாமல் பழுது பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் மேல் அவனுக்கு எப்போதும் கோபம் வரும். "பாப்பா மெஷினோட கண்ணாடிக் கதவுக்கு முன்னாடி உக்காந்து துணி சுத்தறதைப் பாக்கும். ஒரு துணி கண்ணாடிப் பக்கம் வந்தா அதுக்குக் கை ஆட்டும். திரும்ப வந்தா திரும்ப ஆட்டும். சலிக்கவே சலிக்காது. இப்பவும் நான் அந்த இடத்தை மிதிக்காம சுத்திப் போறேன்."

தன் குரல் உடைந்துவிட்டதைக் கேட்டு அவனே கண்ணைத் திறந்தான். கையிலிருந்த கையில் பிடி இல்லை. அத்தையின் கண்கள் ஜன்னல் பக்கமே இருந்தன, மூச்சு நின்றிருந்தது. தூக்கத்தைப் பற்றிச் சொன்னபோது போனாளா, பாப்பாவைப் பற்றிச் சொன்னபோதா, அதைக் கேட்டுவிட்டுத்தான் போனாளா என்று அவனுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அது இனி தெரியப்போவதில்லை என்று புரிந்தபோதுதான் அவனுக்கு அழுகை முட்டியது.

முன்னறைச் சத்தம் எப்போது நின்றதென்று அவன் கவனிக்கவில்லை. மனைவி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் பாதி தேய்த்த தலையணை உறை. அம்மாவைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே வந்து அம்மாவின் கண்களை மூடினாள், நெற்றியில் முத்தம் கொடுத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, தலையை அவன் முழங்காலில் சாய்த்துக்கொண்டாள். அப்படி அவள் சாய்ந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அவன் அசையப் பயந்தான்.

"நிறுத்தாதீங்க" என்றாள். "எந்தத் துணிக்கு ரொம்பக் கை ஆட்டும்னு அவர்கிட்ட சொல்லுங்க."

அவன் மறுபடி கண்ணை மூடினான். "ஒரு மஞ்சள் துண்டு" என்று ஆரம்பித்தான்.

"மஞ்சள் இல்லைங்க. பச்சை."

வாசலில் போதகரின் ஸ்கூட்டர் வந்து நின்ற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"பச்சைத் துண்டு" என்று அவன் திருத்திச் சொன்னான்.