சந்தனத்தின் சனிக்கிழமைகள்

சந்தனத்தின் கையில் காசு நின்றதே இல்லை. குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் துணி தைத்தான். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் கால் தானாகக் கடைவீதிக்குப் போகும். கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று ஏதாவது தெரிந்தால் மகள் தேஜஸ்ரீயின் முகம் ஞாபகத்துக்கு வரும். விலை கேட்பான். கேட்டுவிட்டால் வாங்காமல் வரமாட்டான்.

மனைவி மஞ்சள் காமாலையில் இறந்து நான்கு வருடமாகிறது. ஒன்பது வயது மகள் சாத்தூர் பக்கம் ஊரில் அவன் தங்கை பாண்டியம்மாளிடம் வளர்கிறாள். தங்கை தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலைக்குப் போகிறவள். மாதாமாதம் பணம் அனுப்புவதாகச் சொல்லித்தான் பிள்ளையை விட்டுவந்தான். அனுப்பியது சில மாதம்தான். ஆனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவன் பை வீங்கியிருக்கும். பேசும் பொம்மை, ஜிகினா வைத்த கவுன், ரிமோட் கார். பிள்ளை பஸ் நிறுத்தத்துக்கே ஓடிவந்து பையைப் பிடுங்குவாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இரண்டு மாதம் மெஷினில் குனிந்து கிடக்கலாம் என்று அவனுக்குத் தோன்றும்.

போன ஜூனில் சக்கரம் வைத்த ஷூ வாங்கிப்போனான். இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய். தெருவெல்லாம் மண்ணும் சரளையும். அதை எங்கே ஓட்டுவது? பிள்ளை வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு தடுமாறி நின்றாள். புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"கண்ணாடி எப்பத் தாயி போட்ட?"

"போன மாசம். போர்டுல எழுதுறது தெரியலப்பா. அத்தை வாங்கித் தந்தாக."

காபி கொண்டுவந்த தங்கையை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமலிருக்க வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தாள்.

"தோடு எங்க பாண்டி?"

"இருக்குண்ணே."

"எங்க இருக்கு?"

"அடகுக்கடையில. கண்ணாடிக்கு, ஸ்கூல் ஃபீஸுக்குன்னு எட்டாயிரம் வாங்குனேன். ஒங்களுக்கு நாலு தடவ போன் போட்டேன். இந்த வாரம், அடுத்த வாரம்னே சொன்னீக." அவள் குரலை உயர்த்தவில்லை. "அந்தச் செருப்புக் காசக் கையில குடுத்திருந்தா வட்டியாச்சும் கட்டிருப்பேன்."

காபி ஆறிப்போனது. அவன் குடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும், வேறெங்கும் போகாமல் கம்பெனிக்கு எதிரே இருந்த மொபைல் கடையில் கொடுத்துத் தங்கை கணக்குக்கு இரண்டாயிரம் அனுப்பினான். வாடகையையும் மெஸ் காசையும் தனியாக எடுத்துவைத்தான். மிச்சம் முந்நூறு. ஒரு வாரத்தை அதற்குள் ஓட்டவேண்டும். கடைவீதிப் பக்கமே தலைவைக்காமல் சாக்கடையோரமாகச் சுற்றி அறைக்கு நடந்தான்.

ஆறு வாரம் தாக்குப்பிடித்தான். ஏழாவது வாரம் பணம் அனுப்பப் போகும் வழியில் டீ குடிக்க நின்றபோது, பக்கத்துக் கடையில் ரோஸ் நிற வாட்ச் ஒன்று தொங்கியது. எப்போது உள்ளே போனான், எப்போது காசை எடுத்து நீட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை. அறைக்கு வந்து பெட்டியைத் திறந்தபோதுதான் ஊருக்கு அனுப்பவேண்டிய காசு நினைவுக்கு வந்தது. திரும்ப ஓடினான்.

"வித்த பொருளத் திருப்பி எடுக்கறதில்லீங்க," என்றார் கடைக்காரர். "பில்லுலயே போட்டிருக்குதுங்க."

திங்கட்கிழமை, கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருக்கும் விஜயகுமாரி அதைப் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டாள். "ஏனுங்ண்ணா, பாப்பாவுக்குன்னு ஆசையா வாங்குனதுதானுங்க? நீங்களே வெச்சுக்குங்க" என்று ஒருமுறை சொல்லிப்பார்த்தாள். அவன் வேண்டாமென்று தலையை ஆட்டி, கிடைத்த காசை அப்படியே ஊருக்கு அனுப்பினான்.

மழைக்காலம் வருவதற்குள் அமெரிக்க ஆர்டர்கள் நின்றுபோய், வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றாகிவிட்டது. வாராவாரம் அனுப்பிய இரண்டாயிரம் ஆயிரமாகக் குறைந்தது; அது வீட்டுச் செலவுக்கும் வட்டிக்குமே சரியாகப்போனது. ராத்திரிச் சாப்பாட்டை விட்டான். தீபாவளி போனஸ் ஒன்பதாயிரம் வந்தது. அதை உள்பையில் வைத்து ஊக்கு குத்திக்கொண்டு, பஸ் நிலையத்தில் தரையைப் பார்த்தே நடந்து பஸ் ஏறினான்.

ஊரில் இறங்கியதும் பிள்ளை ஓடிவந்து பையைப் பிடுங்கி அங்கேயே குத்தவைத்துத் திறந்தாள். ஒரு லுங்கி, சட்டை, துண்டு. பக்கவாட்டு ஜிப்பையும் திறந்து கையைவிட்டுத் துழாவினாள்.

"ஒண்ணும் வாங்கலையாப்பா?"

"இல்ல தாயி. அத்தை தோட்ட மீட்கணும்ல."

"அது அத்தைக்குத்தான. எனக்கு?"

அவள் உடுத்தியிருந்த புதுச்சட்டை அவன் அனுப்பிய காசில் எடுத்ததுதான். ஆனால் பிள்ளைக்கு அது அத்தை வாங்கித் தந்த சட்டை. கேட்டவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொன்னாள். அவனும் திருத்தவில்லை. இரண்டு நாளும் அவள் பக்கத்து வீட்டிலேயே விளையாடினாள். கூப்பிட்டால் வந்து நின்றாள், மடியில் உட்காரவில்லை. கிளம்பும் அன்று, மீட்ட தோட்டைக் காதில் போட்டுக்கொண்டு தங்கை மட்டுமே பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள்.

"சின்னப் புள்ளதானண்ணே. மனசுல வைக்காதீக," என்றாள். அவன் சரியென்றான்.

அடுத்த சனிக்கிழமை பணம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன் செய்தான். மகள் எடுத்தாள். இத்தனை வருடமும் போனில் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அப்பா என்ன வாங்கிட்டு வரட்டும்? அதை விட்டால் மகளிடம் கேட்க வேறென்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"சாப்ட்டியா தாயி?"

"ம்."

"என்ன சாப்ட்ட?"

"தோசை."

"இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன பாடம்?"

"இன்னைக்கு லீவுப்பா."

"ஆமால்ல."

அந்தப்பக்கம் டிவி சத்தம் கேட்டது.

"அத்தைகிட்டக் குடுக்கவா?" என்றாள்.

"குடு," என்றான்.