சுவரிடம் சொன்னது

என் அண்ணன் தச்சர், தம்பி கொத்தனார். நடுவில் பிறந்த ஒரே பெண் நான், கான்ட்ராக்டர். இப்படி ஒரு குடும்பம் அமைந்தால் கட்டட வேலைக்கு எவ்வளவு வசதி என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, அவர்கள் வந்து எங்களோடு சாப்பிட உட்கார வேண்டியதில்லையே.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டு ஒன்பது வருடமாகியிருந்தது. காரணம் ஒரு கதவு. அண்ணன் தனக்கு வீடு கட்டியபோது சுவர் தம்பியின் வேலை, வாசல் நிலையும் கதவும் அண்ணனின் வேலை. புதுவீடு பார்க்க வந்த சொந்தக்காரர்கள் முன்னால் அந்தக் கதவு சாத்திக்கொள்ள மாட்டேன் என்று நின்றது. அண்ணன் சிரித்துக்கொண்டே, "சுவரு கோணல்" என்றான். தம்பி சிரிக்காமல், "நிலை கோணல்" என்றான். அவ்வளவுதான். மறுவாரம் நான் தூக்குக்குண்டு எடுத்துப்போய் அளந்து பார்த்தேன். சுவரில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், நிலையில் ஒரு நூல், ஆளுக்கொன்றாகப் பிசகியிருந்தது. இரண்டு பேரிடமும் சொன்னேன். "நீ அவன் பக்கம்" என்று இரண்டு பேருமே சொன்னார்கள்.

பேச்சு நின்றதே தவிர, சேதி நிற்கவில்லை. அதெல்லாம் என் வழியாகப் போனது. மூன்றடி தள்ளி நிற்கும் தம்பிக்குக் காது கேட்கும்படியே அண்ணன் என்னிடம், "சாந்து கெட்டியா இருக்குன்னு அவன்கிட்ட சொல்லு" என்பான். நான் திரும்பிச் சொன்னால்தான் அது தம்பி காதில் விழுந்ததாக அர்த்தம். சொந்தத்தில் எனக்குத் தபால்பெட்டி என்று பேர் வைத்திருந்தார்கள். எரிச்சலாக இருக்கும். ஆனால் மறுத்ததில்லை.

நான் இல்லாத நேரத்தில் சாமான்களிடம் பேசுவார்கள். "இந்தப் பலகையை யாராவது அந்தப் பக்கம் பிடிச்சா நல்லா இருக்கும்" என்று அண்ணன் பலகையிடம் சொல்வான். தம்பி வந்து பிடிப்பான். "இப்ப தூக்கலாம்" என்று தம்பி கல்லிடம் சொல்வான். அண்ணன் தூக்குவான். தமிழில் யாரையும் கூப்பிடாமலே எல்லா வேலையும் வாங்கிவிடலாம் என்று நான் இவர்களிடம்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வருடம் தம்பியின் மனைவிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் முன்னால் போய்விட்டாள். கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டுத் தம்பியும் போகவேண்டியது. திரும்பி வருகிற உத்தேசம் இல்லை. பேசாமலே விமானம் ஏறிவிட்டானென்றால் இந்த ஜென்மத்தில் இனி பேசப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அந்தச் சமயத்தில்தான் காட்டுக் கட்டடம் வந்தது.

காட்டுக்குள் முன்பு மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், வெட்டிய மரத்தை அளந்து முத்திரை குத்த ஓர் ஆபீஸ் கட்டியிருந்தார்கள். கல் சுவர், மூன்று அறை, ஒரு சமையலறை. மரம் வெட்டுவது நின்றதும் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். முப்பது வருடம் கழித்து நாங்கள் போய்ப் பார்த்தபோது கூரை உள்ளே சரிந்து கிடந்தது. அளவு எழுதும் மேஜையில் வௌவால் எச்சம் ஒரு விரற்கடை கனத்துக்கு இருந்தது. சமையலறையில் அடுப்பு இருந்த இடத்தில் ஒரு மரம் நின்றது. அந்தக் கட்டடத்தை ட்ரெக்கிங் போகிறவர்கள் ஒரு ராத்திரி தங்கிப்போகிற குடிலாக்கித் தர வேண்டும் என்றது மலையேற்றச் சங்கம். பன்னிரண்டு பேர் படுக்க மரப்படுக்கை, ஓர் இரும்பு அடுப்பு, ஈரத்துணி உலர்த்தக் கொடி, காற்று புகாத ஒரு கதவு.

வண்டி போகாது. இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். புத்தியுள்ள எந்த கான்ட்ராக்டரும் தொடமாட்டான். நான் எடுத்தேன். தச்சரும் கொத்தனாரும் அங்கேயே தங்க வேண்டும், பேசித் தீர்க்க வேறு ஆள் கிடையாது, கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவும் முடியாது. இதை இருவரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடம் நல்ல மரவேலை என்றேன், தம்பியிடம் நல்ல கல் வேலை என்றேன்.

ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. வேலை மட்டும் நடந்தது. தம்பி சரிந்த சுவரைப் பிரித்து அதே கல்லை அடுக்கிக் கட்டினான். அண்ணன் பழைய முகட்டு உத்திரத்தைத் தட்டிப் பார்த்து, உளுத்துப்போன ஒரு முனையை மட்டும் அறுத்தெடுத்துவிட்டுப் புதுக்கட்டையை ஒட்டுப்போட்டான். சாப்பிடும்போது ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்து, உப்பு டப்பாவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தேன். தம்பி போவதற்கு மூன்று வாரம்தான் இருந்தது. எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது.

உத்திரம் ஏற்றுகிற அன்று, ஜன்னல் கண்ணாடி கழுதைமேல் வருகிறது என்று ஆள் வந்து சொன்னதால் நான் இறங்கிப் போனேன். கூலிக்கு வந்த நாலு பேரும் கல் எடுக்க ஓடைக்குப் போயிருந்தார்கள். அதன்பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் கத்தியதை வைத்துத்தான் சொல்கிறேன்.

உத்திரத்தின் ஒரு முனை சுவரில் உட்கார்ந்துவிட்டது. மறுமுனை கப்பியில் தொங்குகிறது. அந்தக் கயிற்றை ஒரு மரத்தில் இரண்டு சுற்று சுற்றி அண்ணன் கீழே பிடித்திருக்கிறான். தம்பி சுவர்மேல் இருக்கிறான், உத்திரத்துக்கு அடியில் கையைவிட்டு ஆப்பு வைத்துக்கொண்டு. நான் இருந்திருந்தால் "விடலாமா" என்று அண்ணன் என்னைக் கேட்பான், நான் தம்பியைக் கேட்பேன், "இரு அக்கா" என்று அவன் சொல்வான், "இருண்ணா" என்று நான் சொல்வேன். நான் இல்லை. ஆகவே தம்பி சுவரைப் பார்த்து, "இன்னும் ஒரு ஆப்பு வச்சுட்டா விடலாம்" என்றான்.

காற்றில் இலைச் சத்தம். கீழே வந்து சேர்ந்தது கடைசி வார்த்தை மட்டும்.

அண்ணன் விட்டான்.

நான் கழுதைக்காரரோடு கட்டடத்துக்குச் சற்றுக் கீழே ஏறி வந்தபோது மேலேயிருந்து ஒரு அலறல் கேட்டது. பிறகு, ஒன்பது வருடத்தில் முதல்தடவையாக, அந்த இரண்டு குரலும் ஒன்றையொன்று ஏசின.

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? கை உள்ள இருக்கு, விடற?"

"நீதானடா விடலாம்னு சொன்ன."

"நான் உன்கிட்டயா சொன்னேன்?"

"பின்ன யார்கிட்ட சொன்ன?"

"சுவருகிட்ட."

"சுவரா இங்க கயித்தைப் பிடிச்சுட்டு நிக்குது?"

அங்கிருந்து பேச்சு, நசுங்கிய விரலைவிட்டு மெல்ல நகர்ந்து கதவுக்குப் போனது. நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கியது யார், புதுவீட்டில் சாப்பிடாமல் எழுந்து போனது யார், பிள்ளை பிறந்ததைக்கூட வந்து சொல்லாதது யார். சொல்லியனுப்பினேனே, யார்கிட்ட, அக்காகிட்டதான், அக்கா என்ன உன் வாயா. கழுதைக்காரர் என்னைப் பார்த்தார்.

"போய் விலக்கி விடலையாம்மா?"

"வேணாங்க. இப்பதான் நல்லா போயிட்டிருக்கு" என்றேன். பாதையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மேலே போனபோது அண்ணன் தன் துண்டைக் கிழித்துத் தம்பி விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். மோதிர விரல் நகம் போயிருந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை. அடிபட்டவன் கை நேராக இருந்தது. கட்டுப் போடுகிறவன்தான் முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்துப் போட்டான்.

அண்ணன் என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில், "கையை மேல தூக்கி வச்சுக்கச் சொல்லு அவனை" என்றான்.

"நான் இங்கதானே இருக்கேன்" என்றான் தம்பி.

அண்ணன் விரலைப் பார்த்துக்கொண்டே, "கையை மேல தூக்குடா" என்றான்.

மிச்சமிருந்த நாளெல்லாம் காடு முழுக்க அவர்கள் சத்தம்தான். ஆணி நீளத்துக்குச் சண்டை, அடுப்புக்குழாய் எந்தச் சுவரில் போவது என்று சண்டை, குறட்டை விட்டது யார் என்று சண்டை. கடைசியில் கதவு. நிலையை அண்ணன் நிறுத்த, தம்பி கட்டுப்போட்ட விரலோடு சுற்றிச் சாந்து அடைத்தான். காய்ந்ததும் கதவை மாட்டிச் சாத்தினார்கள். கீழ்முனையில் இடித்தது. இரண்டு நூல்.

எடுத்த காரியம் எல்லாம் அந்த இரண்டு நூலில் நின்றது.

"கதவை இழைச்சுடறேன்" என்றான் அண்ணன்.

"எதுக்கு? சுவரை நான் கொத்தி விடறேன். கோணல் என்னுதுதான்."

"உன்னுதுன்னு யாருடா சொன்னது?"

"அப்ப உன்னுதா?"

அரை மணி நேரம் வாக்குவாதம். குற்றத்தை இருவருமே விட்டுக்கொடுப்பதாக இல்லை. சங்கத்துக்காரர் பார்வையிட வருகிற நேரமாகிவிட்டதால் இழைப்புளியை எடுத்து நானே இழைத்தேன். கதவு சாத்திக்கொண்டது.

குடில் திறந்தது. பன்னிரண்டு படுக்கையும் முதல் வாரமே நிறைந்தது. தம்பியை வழியனுப்பப் போனபோது இருவரும் விமான நிலையத்து வாசலில் பேசி முடிக்கவில்லை. நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

மழைக்காலம் முடிந்ததும் குடிலைச் சரிபார்த்துவர அண்ணனும் நானும் போனோம். முன்பெல்லாம் வாரத்தில் நாலு தடவை ஒருத்தன் கூப்பிடுவான், மற்றவனுக்குச் சேதி இருக்கும். இப்போது தம்பி என்னைக் கூப்பிட்டு ஒரு மாதமாகியிருந்தது. நடந்துபோகும்போது அண்ணனிடம் கேட்டேன்.

"தம்பிகிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"நேத்துதான் பேசினோம்."

"என்ன பேசினீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

கூரையில் ஒழுகல் இல்லை. படுக்கைப் பலகை ஒன்று மட்டும் ஆடியது. போனுக்கு சிக்னல் எடுக்கிற இடம் வெளியே இருபதடி தள்ளி ஒரு பாறை. அண்ணன் அதன்மேல் ஏறி நின்று தம்பிக்குப் போட்டான். சிரிக்கிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். அது கிடைத்ததும் இவ்வளவு வலிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆடிய பலகைக்கு ஆணி அடித்து முடித்துவிட்டு, "அந்த போனை யாராவது கொஞ்சம் இங்கயும் கொடுத்தா நல்லா இருக்கும்" என்றேன்.

சொன்னபிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று நிமிர்ந்து பார்த்தேன். எதிரே தம்பி கட்டிய சுவர் இருந்தது. கோணல் இல்லை, நேராகத்தான் இருந்தது.