பவளத்துக்கு நல்ல தண்ணி

"பவளம் வாங்கப் போறேன்" என்று லிஃப்ட் மெக்கானிக் முதல் முறை சொல்லிவிட்டுக் கிளம்பிய அன்று, அவருடைய மனைவி கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தாவது மனுஷனுக்குத் தோன்றியதே என்று நினைத்தாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்? மனுஷன் திரும்பி வந்தபோது கையில் நகைப்பெட்டி இல்லை. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பை இருந்தது. அதற்குள் மண்ணிறத்தில் ஒரு குச்சி.

"இதுவா பவளம்?"

"உயிருள்ள பவளம்டி. கடலுக்கு அடியில மான் கொம்பு மாதிரி வளரும்."

"வளரட்டும், வளரட்டும். கழுத்துல மாட்டிக்கிறேன்."

அவளுக்கு எரிச்சல்தான். ஆனாலும் அந்தப் பையை அவர் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்த விதத்தைக் கண்டு வாயை மூடிக்கொண்டாள். காரணம் இருந்தது. ஒரு கட்டிடத்தில் பழுது பார்க்கும்போது விழுந்து முழங்கால் நொறுங்கியதிலிருந்து மெக்கானிக் வேலைக்குப் போகவில்லை. ஊரில் அத்தனை லிஃப்டும் அவர் இல்லாமலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அதை நினைத்து நினைத்து, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், மறுபடி சுவர். அவளுடைய தம்பி வேலை மாற்றலாகிப் போகும்போது, "மாமா, இதைப் பார்த்துக்கங்க" என்று தன்னுடைய சின்னக் கடல்மீன் தொட்டியை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனான். வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்கள். அன்று சுவரை விட்டுத் திரும்பிய முகம் அதற்குப் பிறகு தொட்டியைத்தான் பார்த்தது.

அந்த மான் கொம்பு சில நாளில் எலும்பாக வெளுத்தது. இன்னொன்று வாங்கினார். அதுவும் வெளுத்தது. மூன்றாவதும் போன அன்று மெக்கானிக் போய்ப் படுத்துக்கொண்டார், முகம் சுவர் பக்கம்.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவள் அறை வாசலில் வந்து நின்றாள். சலவைக் கடைக்கு வரும் துணிகளைத் திருத்திக் கொடுப்பது அவள் வேலை. கிழிந்ததைக் கண்டால் கை சும்மா இருக்காது.

"எழுந்திருங்க. இந்தத் தடவை நானும் வர்றேன்."

"எங்க?"

"பவளம் வாங்கத்தான். நீங்க போனா அழகைப் பார்த்து மயங்கிடறீங்க. என்னைக் கட்டும்போது அப்படி எதையும் பார்க்கலையே, இப்ப மட்டும் என்ன?"

கடை ஒரு சந்துக்குள், முடிதிருத்தும் கடைக்கும் நகல் எடுக்கும் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே போனால் எல்லாம் நீல வெளிச்சம். மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பேசிக் கடைக்காரருக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. வாடிக்கையாளர்கள் அவரைக் குமிழி என்று கூப்பிட்டார்கள்.

"தம்பி, சாகாத பவளம் ஒண்ணு குடுங்க" என்றாள் அவள்.

"சாகாததுன்னா பிளாஸ்டிக்லதான் இருக்குக்கா."

"சரி, லேசுல சாகாதது."

குமிழி சிரித்துக்கொண்டே ஒரு தொட்டியைக் காட்டினார். "கல்லுப் பவளத்துல மெல்லிசுக் கிளையா இருக்கறதெல்லாம் ரோஷக்காரங்க. தண்ணி கொஞ்சம் மாறினாலும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும். புதுசா வளர்க்கறவங்களுக்குச் சதை தடிச்சதுதான் சரி. இதோ, மூளைப் பவளம்."

"மூளையா? எங்க வீட்டுக்கு ரொம்ப நாளா தேவைப்படுது."

"ஏன்டி!" என்றார் மெக்கானிக்.

"ஆனா இது இருட்டினதும் கையை நீட்டிப் பக்கத்துல இருக்கறதைச் சுட்டுடும்க்கா. சின்னத் தொட்டிக்கு இது பாருங்க, டிரம்பெட் பவளம். ஒவ்வொரு தலைக்கும் தனித்தனித் தண்டு. ஒரு தலை போனாலும் மத்தது பிழைச்சுக்கும்."

உப்பிய தலைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் பச்சை. மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "தவளைக் கண்ணு மாதிரி இருக்கு." அவர் பார்வை பக்கத்துத் தொட்டியில் இருந்த மான் கொம்புக்கே போனது.

அவள் கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்து பார்த்தாள். ஒரு துண்டில் சதைக்குக் கீழே வெள்ளைக் கல் எட்டிப் பார்த்தது. "இது வேணாம். ஓரம் பிரியுது."

"கரெக்டுக்கா! சதை பின்வாங்குது. அதை நானே விக்க மாட்டேன்" என்றார் குமிழி, அதை விற்கத்தான் வைத்திருந்தார் என்றாலும்.

ஓரம் பிரியாத ஒன்றை அவள் எடுத்தாள். பையில் போடும்போது குமிழி கேட்டார்: "அண்ணே, தொட்டியில தினமும் தண்ணி குறையுமே, அதுக்கு நல்ல தண்ணிதானே ஊத்துறீங்க?"

மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்ன கெட்ட தண்ணியா ஊத்துவேன்? நானே பார்த்துப் பார்த்துச் செய்யறேன்."

"அப்போ ஒண்ணும் ஆகாது" என்றார் குமிழி.

டிரம்பெட் முதல் சில நாள் உப்பிக்கொண்டு நின்றது. மெக்கானிக் அதைச் சும்மா விட்டால்தானே? காலையில் வெளிச்சம் போதவில்லை என்று இடது பக்கம். மத்தியானம் நீரோட்டம் அதிகம் என்று வலது பக்கம். ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு மோட்டாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"விட்டுத் தொலைங்களேன் அதை! உக்காந்தா எழுப்பறீங்க, எழுந்தா உக்கார வைக்கறீங்க. நானா இருந்தா எப்பவோ செத்திருப்பேன்."

"பழுது வர்றதுக்கு முன்னாடியே பார்க்கணும்டி. அதுதான் எங்க வேலை."

"அது லிஃப்ட் இல்லை!"

ஒரு நாள் தலைகள் சுருங்கின. ஒரு தலையில் சதை கழன்று, கல் வெள்ளையாகத் தெரிந்தது. மெக்கானிக் ஸ்குரூ டிரைவரை மேஜையில் வைத்தார். "என் கை பட்டா எதுவும் தேறாது" என்றார். நொண்டிக்கொண்டே உள்ளே போனார். கட்டில் முனகியது. அவர் எந்தப் பக்கம் திரும்பினார் என்று அவள் போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அவளுக்கு அழுகை வந்தது. அழத் தெரியாதவளுக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். "உனக்கு என்ன கேடு? தவளைக் கண்ணே, உன்னை நம்பித்தானே அந்த மனுஷனை எழுப்பி வச்சேன்?" என்று தொட்டியைத் திட்டினாள். தண்ணீர் குறைந்திருந்தது. பக்கத்தில் அவர் கலக்கி மூடி வைத்திருந்த வாளியிலிருந்து ஒரு குவளை மொண்டாள்.

ஊற்றப் போனவள் நின்றாள். தொட்டியின் கண்ணாடி விளிம்பில், தண்ணீர் முன்பு நின்ற கோட்டில், வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். நாக்கில் வைத்தாள். உப்பு.

அடுப்பில் மறந்துபோன பாத்திரத்தின் உள்விளிம்பில் இதே போல்தான் கோடு கோடாக நிற்கும். அதைத் தேய்த்துத் தேய்த்து அவள் கை சலித்திருக்கிறது.

குவளையோடு உள்ளே போனாள். "இந்தப் பக்கம் திரும்புங்க. தினமும் தொட்டியில என்ன ஊத்துறீங்க?"

"நல்ல தண்ணி" என்றது முதுகு.

"எந்த நல்ல தண்ணி?"

"உப்பு சரியா அளந்து கலக்கின நல்ல தண்ணி. கடல் தொட்டிக்கு வேற என்ன ஊத்துவாங்க?"

"அடப் பாவி மனுஷா! அந்தத் தம்பி கேட்டது நல்ல தண்ணி. உப்பில்லாத நல்ல தண்ணி! குடிக்கிற நல்ல தண்ணி!"

முதுகு அசையவில்லை.

"ஆவியா போறது தண்ணிதானே, உப்பு போகுமா? அடுப்புல வச்சது சுண்டிப் போனா மறுபடி உப்பையா அள்ளிப் போடுவீங்க?"

"நான் எப்ப சமைச்சேன்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

மெக்கானிக் மெதுவாகத் திரும்பினார். அவர் முகத்தில் கணக்கு ஓடியது. "உப்பு அளக்கிற கருவியை வாளியிலதான் வச்சுப் பார்த்தேன். தொட்டியில பார்க்கவே இல்லை." எழுந்து உட்கார்ந்தார். "ஆனா நான் காலையில மட்டும்தானே ஊத்துறேன், அதுக்குள்ள எப்படி இவ்வளவு..."

அவள் குவளையைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் அதன் அடியைத் துடைத்தாள்.

"சாயங்காலம் நானும் கொஞ்சம் ஊத்துவேன்" என்றாள். "குறைஞ்சதைப் பார்த்தா உங்க மனசு குறைஞ்சிடுமேன்னு."

"அந்த வாளியிலேருந்தா?"

"வேற எதுல இருந்து?"

"சமைக்கிறவ நீ!"

"கத்தாதீங்க. எழுந்து போன் பண்ணுங்க."

குமிழி போனில் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் இருவருக்கும் கேட்டது. "அண்ணே, அது கடல் இல்லை, உப்பளம்! ஒரேயடியா இறக்கிடாதீங்க, அதுலயும் செத்துடும். தினமும் ஒரு குவளை எடுத்துட்டு, வடிகட்டின நல்ல தண்ணி ஒரு குவளை. உப்பில்லாத தண்ணி, புரியுதா? அப்புறம், தயவுசெஞ்சு அதைத் தொடாதீங்க."

கடைசிச் சொல்தான் மெக்கானிக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கித் தன் தையல் பெட்டிக்குள் பூட்டினாள். கைக்கு வேலை வேண்டுமே என்று சட்டைகளைக் கொடுத்துப் பட்டன் தைக்கச் சொன்னாள். ஒவ்வொரு பட்டனையும் லிஃப்ட் கயிறு மாதிரி இறுக்கினார். சலவைக் கடையிலிருந்து சட்டைகள் திரும்பி வந்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்துத் தைத்தாள்.

ஒரு காலையில் அவள் கண் விழித்தபோது கட்டில் காலியாக இருந்தது. முன்னறையில் தொட்டிக்கு எதிரே அவர் உட்கார்ந்திருந்தார், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு. கல் தெரிந்த தலை போனதுதான். மற்றவை பச்சைப் பச்சையாக உப்பியிருந்தன.

"தொட்டீங்களா?"

"சத்தியமா இல்லை. தண்ணி மட்டும் ஊத்தினேன். நல்ல தண்ணி. நாக்குல வச்சுப் பார்த்துட்டுத்தான்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருவரும் தவளைக் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு பவளம் வாங்கலாம்னு இருக்கேன்" என்றார் அவர் மெல்ல.

"மான் கொம்புன்னு வாயைத் திறந்தீங்க, தொட்டியோட உங்களையும் தூக்கித் தெருவுல வச்சுடுவேன்!"

"கொம்பு இல்லைடி. கழுத்துக்கு. உனக்கு."

அவள் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது. போன கையை அவளே இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் சாமி" என்றாள். "அதுக்கும் தினமும் உப்புத் தண்ணி ஊத்துவீங்க."